தெருப்பெயர் இல்லாத வரைபடம்: வட சென்னையில் புதியவர்களுக்கு ஓரியன்டீரிங் பழக்கிய அனுபவம்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்களின் கையில் வரைபடத்தைக் கொடுத்தவுடன் அவர்களில் பெரும்பாலோர் கேட்பது, "இதில் தெருப்பெயரே இல்லையே?" என்பதுதான். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டு ஓடும் விளையாட்டு ஓரியன்டீரிங்; அதன் வரைபடத்தில் தெருப்பெயர், கடைப்பெயர், கோயில்பெயர் எதுவும் இராது. நாம் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே கூட வரும் நீலப் புள்ளியும் இராது. கட்டடம், சுவர், படிக்கட்டு, தனி மரம், புல்வெளி, கால்வாய் என நிலத்தில் கண்ணுக்குப் படுகிற பொருள்கள் மட்டுமே அவற்றின் அளவும் இடைவெளியும் மாறாமல் வரையப்பட்டிருக்கும். கைப்பேசி சொல்லும் திசையில் திரும்பிப் பழகிய ஒருவருக்கு இது முதலில் ஏமாற்றமாகவே படுகிறது. அந்த ஏமாற்றம் ஆர்வமாக மாறுவதற்கு எங்கள் அனுபவத்தில் ஒரு காலைப் பொழுது போதும். ஆனால் அந்தக் காலைப் பொழுதை நடத்தும் முறை சரியாக அமைய வேண்டும். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டின் அமைப்பு எளியது. வரைபடத்தில் ஊதா நிற முக்கோணம் தொடங்கும் இடம். எண்ணிட்ட வட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு கன்ட்ரோல். இரட்டை வட்டம் முடியும் இடம். ஒவ்வொரு வட்டத்தின் சரியான நடுப்புள்ளியிலும் நிலத்தில் ஒரு கொடி தொங்கும். அது ஆரஞ்சும் வெள்ளையுமாக, பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் அளவில், மூன்று முகங்களோடு இருக்கும். வரிசை மாறாமல் எல்லாக் கொடிகளையும் தொட்டு, அங்கே வந்ததற்கான அடையாளத்தைக் கார்டில் பதிந்து, குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெல்கிறார். இரண்டு கொடிகளுக்கு இடையே எந்த வழியாகப் போவது என்பது முழுக்க அவரவர் முடிவு. கொடியில் எழுதப்படும் குறியீட்டு எண் 31 முதல்தான் தொடங்கும்; மூன்றாவது கன்ட்ரோலுக்குப் போகிறவர் 3 என்ற எண்ணைத் தேடிக் குழம்பாமல் இருப்பதற்காக உலகெங்கும் இந்த வழக்கம் இருக்கிறது.

இது ஸ்காண்டிநேவியப் படைகளில் வரைபடப் பயிற்சியாகப் பிறந்தது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897இல் நார்வேயில் ஆஸ்லோவை ஒட்டி நடந்தது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், தடகளத்தில் இளைஞர்களின் நாட்டம் குறைந்து வருவதைக் கண்ட எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற சுவீடிய அதிகாரி, அவர்களைக் காட்டுக்குள் இழுக்க 1919இல் ஸ்டாக்ஹோம் அருகே நடத்திய போட்டியே இன்றைய விதிகளுக்கு அடித்தளம். பன்னாட்டுக் கூட்டமைப்பு 1961இல் பத்து நாடுகளோடு அமைந்தது. இந்த வரலாற்றைப் புதியவர்களிடம் நாங்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் சொல்வதில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் அவர்கள் கையில் வரைபடம் போய்ச் சேர வேண்டும்.

காடும் மலையும் இல்லாத வட சென்னையில் இதை எப்படி நடத்துவது என்று கேட்பவர்கள் உண்டு. 2001ஆம் ஆண்டு உலகப் போட்டியில் ஸ்பிரின்ட் என்ற குறுந்தூரப் பிரிவு சேர்க்கப்பட்ட பிறகு, பூங்காக்களும் பழைய நகரத் தெருக்களும் இந்த விளையாட்டுக்கு முறையான களங்களாகி விட்டன. ஸ்பிரின்டில் ஓட்டத்தின் வேகத்தைவிட, சில விநாடிகளுக்கு ஒரு முறை முடிவெடுக்க வேண்டிய நெருக்கடிதான் ஆளைச் சோதிக்கிறது. சந்துக்குள் சந்து, முட்டுச்சந்து, ஒரே மாதிரி நிற்கும் குடியிருப்பு அடுக்குகள், தண்டவாளத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் கடக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் வழிகள் ஆகியவற்றைப் பார்க்கும்போது, இந்தப் பிரிவுக்கென்றே அமைந்த நிலம் எங்களுடையது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மீன்பிடித் துறைமுகமும் கப்பல் துறைமுகமும் மட்டும் எங்கள் எல்லைக்குள் வருவதில்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கிற நேரத்தில் ஐஸ் வண்டிகளுக்கும் கூடை சுமப்பவர்களுக்கும் நடுவே யாரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஓட முடியாது. துறைமுக வளாகம் தடை செய்யப்பட்ட பகுதி.

களம் கிடைத்தாலும் வரைபடம் கடையில் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு குழு தொடங்க விரும்புபவர்கள் ஆள் சேர்ப்பதற்கு முன்னால் வரைபடம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். நாங்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து தெருக்களின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு, ஓப்பன் ஓரியன்டீரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் அதை விரித்து, பிறகு அச்சிட்ட தாளும் பென்சிலுமாக ஒவ்வொரு சந்தாக நடந்து திருத்துகிறோம். செயற்கைக்கோள் படத்தில் தூங்குமூஞ்சி மரத்தின் நிழலுக்கடியில் இருக்கும் சுவர் தெரியாது; தகரக் கூரை போட்ட நடைவழி கட்டடம் போலவே தெரியும்; இரண்டு வீடுகளுக்கு இடையே ஆள் நுழையக்கூடிய மூன்றடி இடைவெளி கோடாகக்கூடத் தெரியாது. புதியவர் தடுமாறுவது இத்தகைய இடங்களில்தான் என்பதால் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தனியார் வரைபடம் தயாரிப்பதற்கு முன்பு இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பெரிதும் தளர்த்திவிட்டது என்றாலும், துறைமுகம், மின்நிலையம், இரயில்வே பணிமனை போன்றவற்றின் உட்புறத்தை நாங்கள் வெற்றாகவே விட்டுவிடுகிறோம்.

ஸ்பிரின்ட் வரைபடத்தின் அளவை 1:4000. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 40 மீட்டர். அச்சிடும்போது இந்த அளவை கெட்டுப்போகும் ஆபத்து அதிகம். ஆண்டர்சன் தெருவிலோ வேறெங்குமோ அச்சுக் கடையில் கோப்பைக் கொடுத்தால், தாளுக்குள் அடங்குவதற்காகக் கணினி தானாகவே நான்கைந்து விழுக்காடு சுருக்கிவிடும். பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும். ஆகவே வரைபடத்தின் ஓரத்தில் சரியாக ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைப் போட்டுவைத்து, முதல் தாள் வந்தவுடன் அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே மற்றத் தாள்களை அச்சிடச் சொல்வது எங்கள் வழக்கம். கொடிகளுக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுத்துத் தையற்காரரிடம் தைத்துக்கொண்டோம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

புதியவர்களின் முதல் காலையை அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சிறிய இடத்தில்தான் வைக்கிறோம். இராயபுரத்திலுள்ள ராபின்சன் பூங்கா அதற்கு ஏற்றது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்பதால் அந்தப் பூங்காவை அறியாதவர் இப்பகுதியில் குறைவு. தெரிந்த இடத்தில் எதற்கு வரைபடம் என்ற கேள்வி நியாயமானதே. அன்று கற்க வேண்டியது வழி கண்டுபிடிப்பதன்று. கண்முன் இருக்கும் நுழைவாயிலும் நடைபாதையும் மேடையும் தாளில் எப்படிப்பட்ட குறிகளாகியிருக்கின்றன என்பதைப் பொருத்திப் பார்ப்பதுதான். இடம் தெரிந்ததாக இருந்தால் கவனம் முழுவதும் தாளின் மேல் இருக்கும். கட்டடம் சாம்பல் நிறம், புல்வெளி மஞ்சள், அடர்ந்த புதர் பச்சை, நீர் நீலம், தாண்டக்கூடாத சுவர் தடித்த கறுப்புக் கோடு, நுழையவே கூடாத இடம் ஆலிவ் பச்சை. இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. எல்லோரையும் வரைபடத்தோடு பூங்காவைச் சுற்றி மெதுவாக நடக்கச் செய்து, "இப்போது நம் வலப்பக்கத்தில் இருப்பது தாளில் எங்கே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகிறோம்.

அந்த நடையில் நான் ஓயாமல் கவனிப்பது ஒன்றே ஒன்று: திரும்பும்போது கையிலுள்ள தாளும் திரும்புகிறதா? பள்ளியில் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வடக்கு மேலேயே இருக்க வேண்டும், எழுத்து நேராகவே இருக்க வேண்டும் என்ற பழக்கம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தெற்கு நோக்கி நடப்பவர் தாளை அப்படியே பிடித்திருந்தால், தாளில் இடப்பக்கம் இருப்பது நிலத்தில் வலப்பக்கம் வரும். மனத்துக்குள்ளேயே அதைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நிற்கும்போது அது முடியும், ஓடும்போது முடியாது. நிலத்தில் முன்னால் இருப்பது தாளிலும் முன்னால் இருக்கும்படி ஒவ்வொரு திருப்பத்திலும் தாளைச் சுழற்றுவதும், தாளைச் சிறிதாக மடித்து நாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நகர நகர விரலையும் நகர்த்துவதும் ஆகிய இந்த இரண்டு பழக்கங்களும் கைக்கு வந்துவிட்டால், முதல் நாள் பாடம் முடிந்தது என்பேன். இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். பழக்கமாவதற்குப் பல வாரங்கள் ஆகும். தேர்ந்தவர்களும்கூட களைப்பு மிகும்போது முதலில் விடுவது இந்தக் கட்டைவிரலைத்தான்.

அடுத்து விண்மீன் பயிற்சி. பூங்காவின் நடுவில் பயிற்சியாளர் நிற்க, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கொடிகள் இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு கொடிக்கு மட்டும் போய், அதிலுள்ள இரண்டு எழுத்துகளைக் கார்டில் குறித்துக்கொண்டு நடுவுக்குத் திரும்ப வேண்டும். பிறகு வேறொரு கொடி. இதன் நன்மை, தவறு பெருகாமல் இருப்பது. வரிசையாக எட்டுக் கன்ட்ரோல் கொடுத்தால், இரண்டாவதில் இடம் தவறியவர் மூன்றாவது எங்கே என்று தெரியாமலே அலைந்து சோர்ந்து, இந்த விளையாட்டே தமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார். இங்கே தவறியவர் இரண்டு நிமிடத்தில் நடுவுக்கு வந்து, எங்கே திரும்பியதில் பிசகு என்று கேட்டுத் தெளிந்து மறுபடி போகலாம். புதியவர்களை நேராகப் போட்டியில் இறக்கி, "ஓடிப் பார், வந்துவிடும்" என்று சொல்லும் முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. அதில் நிலைத்து நிற்பவர்கள் ஏற்கெனவே நன்றாக ஓடக்கூடியவர்கள் மட்டுமே.

பயிற்சியாளர்களுக்கு ஒரு சொல். திரும்பி வந்தவரிடம் "இப்படிப் போ, அப்படித் திரும்பு" என்று கையை நீட்டிக் காட்டக் கூடாது. காட்டிவிட்டால் அவர் அடுத்த கொடியைக் கண்டுபிடித்துவிடுவார். வரைபடத்தை மறுபடி பார்க்க மாட்டார். "கடைசியாக எந்த இடம் வரைக்கும் உறுதியாகத் தெரிந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். வழி தப்பியவர் செய்ய வேண்டியதும் அதுவே: உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி தொடங்குவது. திரும்பிப் போவது நேர இழப்பு என்று நினைத்து, இன்னும் சற்று முன்னால் போனால் தெரிந்துவிடும் என்று நடந்துகொண்டே இருப்பவர்தான் அதிக நேரத்தை இழக்கிறார்.

இரண்டாம் கட்டத்தில் களத்தை வேண்டுமென்றே மாற்றுகிறோம். பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து வருபவர்களை ஜார்ஜ் டவுனுக்கும், ஜார்ஜ் டவுன்காரர்களை மாதவரம் பக்கமும் அனுப்புகிறோம். தெரிந்த இடத்தில் தொடங்கியதற்கு எவ்வளவு காரணம் உண்டோ, அங்கேயே தங்கிவிடாமல் இருப்பதற்கும் அவ்வளவு காரணம் உண்டு. எங்களிடம் வந்த ஓர் இளைஞர் கால்பந்து ஆடியவர். மூச்சுக்கும் வேகத்துக்கும் குறைவே இல்லை. தம் பேட்டையில் நடந்த பயிற்சியில் வரைபடத்தை மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லாக் கொடிகளையும் முதலில் தொட்டுவிட்டார். பிராட்வேக்குக் கிழக்கே தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் ஓடும் பகுதியில் அதே இளைஞர் பதற்றத்தோடு நின்றதைப் பார்த்தோம். அதே நாளில், திருமணமாகி இப்பகுதிக்குப் புதிதாக வந்திருந்த, ஓட்டமே பழகாத ஓர் ஆசிரியை ஒவ்வொரு மூலையிலும் நின்று தாளைத் திருப்பி, சுவரை எண்ணி, நடந்தே எல்லாக் கன்ட்ரோல்களையும் முடித்துவிட்டு வந்தார். ஊரை அறிந்தவர்கள் மனத்திலுள்ள வழியைத் தாளின் மேல் சுமத்துகிறார்கள். அறியாதவர்களுக்குத் தாளைத் தவிர வேறு கதி இல்லாததால் விரைவில் கற்கிறார்கள். வட சென்னைக்காரர்கள் தம் பேட்டையை உள்ளங்கையாக அறிந்தவர்கள் என்பதால், இந்த இடமாற்றம் எங்களுக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ் டவுன் ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டுமே ஓரியன்டீரிங்குக்கு இடம் கொடுக்கும். மற்ற நாள்களில் தள்ளுவண்டியும் சுமை இறக்குபவர்களும் போக எஞ்சிய இடத்தில் நடப்பதே பாடு. தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக வடக்கு தெற்காக ஓடுவதால், அடுத்த தெருவை இந்தத் தெரு என்று நினைத்துக்கொண்டு ஓடுவது இங்கே மிக எளிது. ஓரியன்டீரிங்கில் இதை இணைத்தவறு என்போம். இதன் கொடுமை, தவறான தெருவிலும் பாதிக் குறிகள் சரியாகவே பொருந்திவருவதுதான். இடப்பக்கம் குறுக்குச் சந்து இருக்க வேண்டும், இருக்கிறது. வலப்பக்கம் உள்வாங்கிய கட்டடம் இருக்க வேண்டும், அதுவும் இருக்கிறது. கொடி மட்டும் இல்லை. பொருந்துகிற குறிகளை எண்ணி மகிழாமல், பொருந்தாத ஒரு குறி உண்டா என்று தேடச் சொல்லிக்கொடுக்கிறோம். தெருவுக்குள் நுழையும்போதே இது எத்தனையாவது தெரு என்று எண்ணிக்கொண்டு நுழைந்தால் பாதித் தொல்லை இல்லை. பாரிமுனையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1773இல் நாட்டிய எல்லைத் தூண்களில் எஞ்சிய ஒன்று இன்றும் நிற்கிறது. தவறாக உணர வாய்ப்பே இல்லாத அத்தகைய பொருளைக் கொடிக்கு அருகில் முதலில் தேடிப் பிடித்து, அங்கிருந்து கவனமாகக் கொடிக்குப் போவது நல்ல உத்தி. தண்டவாளம், கால்வாய், நீண்ட மதில் போன்றவை வேறொரு வகையில் உதவும்: அவற்றை ஒட்டியே ஓடலாம், அல்லது கன்ட்ரோலுக்கு அப்பால் இருந்தால் "இதைக் கண்டுவிட்டால் தாண்டிவந்துவிட்டோம்" என்ற எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளலாம்.

திசைகாட்டியை நாங்கள் முதல் நாள் கொடுப்பதில்லை. கையில் கருவி இருந்தால் புதியவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதோடு, எங்கள் பகுதியில் கடல் எப்போதும் கிழக்கே இருக்கிறது. காலைச் சூரியனும் அங்கேதான் எழுகிறது. திசை தெரியாமல் யாரும் நிற்பதில்லை. இந்த உறுதியிலும் ஒரு பிசகு ஒளிந்திருக்கிறது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை நேர் வடக்காகப் போவதில்லை. சற்றே வடகிழக்காகச் சாய்ந்து போகிறது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் ஏறக்குறைய அதனோடு சாய்கிறது. சாலையையே வடக்கு என்று கொண்டு தாளைப் பிடிப்பவருக்கு, அந்தச் சாய்வு நீண்ட தூரத்தில் ஒரு தெரு அளவுக்கு விலகலாகிவிடும். திசைகாட்டி தேவை என்று அவர்களே உணர்வது இப்படிப்பட்ட இடத்தில்தான். அப்போது கொடுத்தால் பயன்படுத்தும் முறையும் உடனே பதிகிறது.

திசைகாட்டி வாங்குவதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பூமியின் காந்தப்புலம் வட ஐரோப்பாவில் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழ்நோக்கி இழுக்கும். ஊசியின் வடமுனை அங்கே தாழாமல் இருப்பதற்காகத் தென்முனையைச் சற்றுக் கனமாகச் செய்திருப்பார்கள். அந்தக் கீழ்நோக்கிய இழுப்பே இல்லாத காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். சென்னையில் அந்தக் கீழ்நோக்கிய இழுப்பு மிகக் குறைவு என்பதால், ஐரோப்பாவுக்கென்று செய்த திசைகாட்டியின் தென்முனை இங்கே தாழ்ந்து அடித்தட்டில் உரசும், ஊசி சோம்பலாகச் சுழலும். நண்பர் அங்கிருந்து வாங்கிவந்த விலையுயர்ந்த கருவியைவிட, நம் மண்டலத்துக்கெனச் சமன்செய்த எளிய கருவி நன்றாக வேலை செய்வதை இங்கே பார்க்கலாம். வாங்கும்போது எந்த மண்டலத்துக்கானது என்று கேட்டு வாங்குவது நல்லது. மற்றபடி இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு மிகச் சிறிது. ஓரியன்டீரிங் வரைபடங்களில் கோடுகள் காந்த வடக்கையே காட்டுவதால் கூட்டல் கழித்தல் எதுவும் தேவையில்லை. தண்டவாளம், இரும்பு கேட், நிறுத்திய லாரி, கையிலுள்ள கைப்பேசி ஆகியவை ஊசியை இழுக்கும் என்பதை மட்டும் கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தின் பக்கத்தில் வைத்து நேரிலேயே காட்டிவிடுகிறோம்.

என்.சி.சி.யில் வரைபடம் படித்தவர்கள் நன்றாகவே தொடங்குகிறார்கள், ஆனால் அளவையில் இடறுகிறார்கள். அவர்கள் பழகிய தாள் 1:50,000. அதில் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டர். இங்கே அதே நீளம் நாற்பது மீட்டர்தான் என்பதால், மனக்கணக்கில் பழைய தூரத்தை ஓடிக் கொடியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நூறு மீட்டரை அளந்து போட்டு, நடையிலும் ஓட்டத்திலும் வலக்கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணி வைத்துக்கொண்டால் இது சரியாகிவிடும்.

தெருவில் நடத்துபவர்கள் தெருவோடு ஒத்துப்போக வேண்டும். விடியற்காலையில் கையில் தாளோடு சந்துக்குள் நுழைந்து, அங்குமிங்கும் பார்த்துவிட்டு வேகமாக ஓடுகிற இளைஞரைக் கண்டால் குடியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுதிக்கொடுப்பது, பங்கேற்பவர்கள் மார்பில் எண் அணிவது, அந்தத் தெருவில் ஓரிருவரிடம் முதல் நாள் மாலையே பேசிவைப்பது ஆகிய மூன்றும் எங்களிடம் கட்டாயம். இவ்வளவுக்குப் பிறகும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயா, "இன்னா கண்ணு தேடுற? யாரு வூடு?" என்று கேட்காமல் விடமாட்டார். போட்டி விதிப்படி பிறரிடம் வழி கேட்கக் கூடாது. ஆனால் கேட்காமலே வழி சொல்லும் ஊரில், நின்று ஒரு சொல் பதில் சொல்லிவிட்டுப் போவதே மரியாதை என்று புதியவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். தொங்கவிட்ட கொடிகள் சில மணி நேரத்தில் காணாமல் போவதும் உண்டு. துணி நல்ல துணி, யாருக்காவது பயன்பட்டிருக்கும். அதனால் தெருக்களில் இப்போது கொடிக்குப் பதிலாகக் கேள்வி வைக்கிறோம்: வட்டத்தின் நடுவிலுள்ள மின்கம்பத்தின் எண் என்ன, படிக்கட்டில் எத்தனை படிகள் என்று. விடையை எழுதி வந்தால் போதும். கைப்பேசிச் செயலியால் பதிவு செய்யும் முறையும் உண்டு. குறுகிய சந்துகளில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். இருபது முப்பது மீட்டர் தள்ளிக் காட்டுவதால் அதை நாங்கள் பூங்காக்களோடு நிறுத்திக்கொண்டோம்.

தடித்த கறுப்புக் கோட்டை நிலத்தில் தாண்ட முடிந்தாலும் தாண்டக் கூடாது என்ற விதியில் மட்டும் முதல் நாளிலிருந்தே கண்டிப்பு. கேட் திறந்திருக்கிறது, மதில் இடுப்பளவுதான் இருக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது. வரைபடத்தில் மூடியிருந்தால் மூடியதுதான். பிறர் வீட்டு முற்றத்தில் ஒருவர் நுழைந்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பகுதியே எங்களுக்குக் கிடைக்காது. ஆடி மாதத்தில் கூழ் வார்ப்பதற்குப் பந்தல் போட்டுத் தெருவே அடைபட்டிருக்கும். முந்தின நாள் சுற்றிவந்து அத்தகைய இடங்களை வரைபடத்தில் ஊதாக் கோடுகளால் அடைத்துவிடுகிறோம்.

நாய்கள் பெரும்பாலும் ஓடுபவரைத்தான் துரத்தும், நடப்பவரை விட்டுவிடும். ஆகவே புதியவர்களுக்கு நடையே போதும் என்று சொல்ல இன்னொரு காரணமும் கிடைக்கிறது. ஆறேகாலுக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம். டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் உண்மையான பருவம். ஏப்ரல் வந்துவிட்டால் மரங்கள் உள்ள பூங்காவைத் தவிர வேறெங்கும் புதியவர்களைக் கூப்பிடுவதில்லை. சிறுவர்களும், தனியாகச் சந்துகளில் போகத் தயங்கும் பெண்களும் இருவர் இருவராகப் போகலாம். அப்போது ஒரு கன்ட்ரோலுக்கு ஒருவர், அடுத்ததற்கு மற்றவர் என வரைபடத்தைக் கைமாற்றச் சொல்கிறோம். இல்லாவிட்டால் ஒருவர் படிக்க, மற்றவர் பின்னால் நடந்துவிட்டு வருவார். பாதியில் விட்டவர்களும் கட்டாயம் முடிவிடத்துக்கு வந்து பெயரைச் சொல்லிவிட்டே வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லாமல் போன ஒருவரைத் தேடி நான்கு பேர் ஞாயிறு முழுவதும் அலையும்படி ஆகக் கூடாது.

எங்கள் நிலத்தில் கற்றுக்கொடுக்க முடியாத ஒன்று, ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைத்து வரையும் உயரக்கோடு. வட சென்னை தட்டையானது. மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை வைத்துத்தான் மேடு பள்ளம் தெரியும். காட்டு ஓரியன்டீரிங்குக்கு உயரக்கோடு இல்லாமல் முடியாது என்பதால், கோயில் குளத்தின் படிகளில் உட்காரவைத்துத் தொடங்குகிறோம். நீர் வற்றிய குளத்தின் ஒவ்வொரு படி விளிம்பையும் மேலிருந்து பார்த்துக் கோடாக வரைந்தால் கிடைப்பதே உயரக்கோட்டு வரைபடம். படிகள் நெருங்கியிருக்கும் பக்கம் செங்குத்து, அகன்றிருக்கும் பக்கம் சரிவு என்பது அங்கேயே விளங்கிவிடுகிறது. பிறகு கடற்கரை நிலையத்திலிருந்து புறநகர் இரயிலில் பரங்கிமலைக்குக் கூட்டிப்போய், உயரக்கோடுகள் உள்ள தாளைக் கையில் வைத்துக்கொண்டு படியேறுகிறோம். 1802இல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த தம் பெரும் நில அளவைப் பணிக்கு அடிக்கோடு அளந்தது அந்த மலையருகேதான் என்று அப்போது சொன்னால், தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வரலாறு கேட்கப் பொறுமை இல்லாதவர்களும் நின்று கேட்கிறார்கள்.

பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. அப்போது ஒவ்வொருவரும் தாம் போன வழியைத் தம் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால், நினைவிலிருந்து வரைய வேண்டும். ஒரே இரண்டு கன்ட்ரோல்களுக்கு இடையே ஐந்து பேர் ஐந்து வழியில் போயிருப்பார்கள். நேரத்தையும் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால், குறுகிய வழியைவிடத் திருப்பங்கள் குறைந்த நீண்ட வழி விரைவாக இருந்தது போன்ற செய்திகள் தாமாகவே வெளியே வரும். கோடு வரைய முடியாமல் பேனா நிற்கிற இடம் எதுவோ, அங்கேதான் அவர் வரைபடத்தைப் பார்க்காமல் ஓடியிருக்கிறார். அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தேதியிட்டு, தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்கிறோம். சிலருடைய வட்டங்கள் தொடர்ந்து சாலையைக் கடந்தவுடனேயே விழுகின்றன, சிலருக்குக் கடைசிக் கன்ட்ரோலுக்கு முன்னால். அவரவருக்கான அடுத்த பயிற்சியை அதை வைத்தே அமைக்கிறோம்.